எட்டு மில்லிமீட்டர்

ஜனவரி 6, திங்கள்

புது டைரி. என் கணவர் ஜெயசீலன் தன் மைக் செட் தொழிலுக்குச் சாமான் வாங்கும் கடையில் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஒரு ஒலிபெருக்கிப் படம். ஆய்வுக்கென்று என்னிடம் ஏற்கெனவே ஒரு டைரி உண்டு. அதில் என் வழிகாட்டி பேராசிரியர் சுயம்புலிங்கம் மாதம் ஒருமுறை கையெழுத்துப் போடுவார். ஆகவே அதில் உண்மையை எழுத முடியாது. உண்மையெல்லாம் இதில்.

இன்றைய உண்மை: 0.3 சதவீதம்.

இந்தப் பக்கத்தை யாராவது படிக்க நேர்ந்தால் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை என்று சொல்லக் கூடாது. ஒரே தடவை எழுதி வைத்துவிடுகிறேன். நான் எமில்டா ராயன், வயது நாற்பத்து மூன்று, தூத்துக்குடியில் ஒரு பொறியியல் கல்லூரியில் கணித விரிவுரையாளர். ஏழு வருடமாகப் பகுதி நேர முனைவர் ஆய்வு. என் கணக்கு இதுதான். தண்ணீருக்குள் ஒரு பொருள் கிடக்கிறது, கண்ணுக்குத் தெரியாது. ஒலியை அனுப்பினால் அது பொருளில் பட்டுச் சிதறும். சிதறிய ஒலியைக் கேட்டுப் பொருளின் வடிவத்தைச் சொல்ல வேண்டும். வடிவம் தெரிந்தால் சிதறலைக் கணக்கிடுவது சுலபம். தலைகீழாகப் போவதுதான் வில்லங்கம். கேட்டதில் கடுகளவு பிழை இருந்தாலும் வடிவம் பேய் பிடித்தது போல் வந்து நிற்கும்.

அதனால் ஒரு வட்டத்தில் தொடங்கிப் படிப்படியாகத் திருத்துவோம். ஒவ்வொரு படியிலும் அந்த முதல் வட்டத்தோடு ஒரு கயிறு கட்டி வைப்போம், வடிவம் மேயப் போகாமல் இருக்க. படிக்குப் படி கயிற்றைத் தளர்த்துவோம். கேட்ட ஒலியில் எவ்வளவு பிழை உண்டோ அந்த அளவுக்குப் பொருந்தியதும் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் போனால் பொருளை விட்டுவிட்டுப் பிழையைத்தான் வரைந்துகொண்டிருப்போம். இப்படி நிறுத்தினால், பிழை குறையக் குறைய உண்மையான வடிவத்தை நெருங்குவோம் என்று நிரூபித்திருக்கிறேன். அதுவும் கேட்கும் கருவிகள் முழு வட்டமாக இல்லாமல் பாதி வட்டத்தில் மட்டும் இருந்தால்கூட. அந்தப் பாதி வட்டம்தான் என் பங்கு.

ஒரு குறை, தேற்றம் சொல்கிற வேகம் ஆமை வேகம். பிழையைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தாலும் வடிவம் கொஞ்சம்தான் தெளியும். ஆனால் இன்று என் நிரல் கொடுத்த வடிவத்துக்கும் உண்மை வடிவத்துக்கும் வித்தியாசம் 0.3 சதவீதம்தான். என் நிரல் என் தேற்றத்தையே மிஞ்சிவிட்டது. ஏழு வருடம் பட்ட பாட்டுக்கு இதுகூடக் கிடைக்காவிட்டால் எப்படி.

ஜெயசீலன் வந்ததும் வலப்பக்கமாகப் போய்ச் சொன்னேன். இடக்காதைத் திருவிழா மைக் செட் இரைச்சலுக்குக் கொடுத்து ஏழு வருடமாகிறது, அந்தப் பக்கம் கேட்காது. "0.3ன்னா நல்லதா கெட்டதா?" என்று கேட்டார். நல்லது என்றேன். "அப்ப நாளைக்கு மக்ரூன் வாங்கியாரேன்" என்றார்.

பல்கலைக்கழகம் கொடுத்த மூன்றாவது நீட்டிப்பு மார்ச் 28 அன்று முடிகிறது. நான்காவது கிடையாது. அதற்குள் ஆய்வுக்குழு ஒப்புதல் கொடுக்க வேண்டும், ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டும். இல்லையென்றால் பதிவு ரத்து, ஏழு வருடம் கடலில் கரைத்த உப்பு.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். அவருக்கு மூன்று ஊரில் செட். நான் ஆய்வேட்டில் 112 முதல் 118 வரை ஏழு பக்க அட்டவணைகளை அழகுபடுத்தினேன். 0.3, 0.4, 0.3, 0.2. பார்க்கப் பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சி. பொங்கல் அடிப்பிடித்துவிட்டது.

ஜனவரி 22, புதன்

ஆய்வுக்குழுக் கூட்டம். திருநெல்வேலிக்குப் பேருந்தில் நின்றுகொண்டே போனேன்.

தேற்றத்தைப் பலகையில் தடுமாறாமல் எழுதினேன். அட்டவணைகளைக் காட்டியபோது சுயம்புலிங்கம் சார் தன் வீட்டுக் கல்யாணத்தில் நிற்பது போல் சிரித்துக்கொண்டிருந்தார். குழுவில் ஒருவர் டாக்டர் இசக்கியம்மாள். ஒலியியல் ஆய்வகம் வைத்திருக்கிறார், நிஜத் தண்ணீர்த் தொட்டியும் நிஜக் கருவிகளுமாக. காகிதத்தில் கணக்குப் போடுகிறவர்களை அவருக்கு அவ்வளவாகப் பிடிக்காது என்று கேள்வி. கடைசியில் அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"எமில்டா, உங்க தேற்றம் மெதுவாத்தான் நெருங்கும்னு சொல்லுது. உங்க அட்டவணை ஓடிப்போய்த் தொட்டுட்டேன்னு சொல்லுது. ரெண்டுல எதை நான் நம்பணும்?"

தேற்றம் மோசமான நிலைக்கான எல்லையைச் சொல்கிறது, நடைமுறை அதைவிட நன்றாக இருக்கலாம் என்று பதில் சொன்னேன். நல்ல பதில்தான். அவர் தலையாட்டிவிட்டு, தன் தொட்டியில் ஒரு பொருளைப் போட்டு அளந்த ஒலியை எனக்கு அனுப்புவதாகவும், பொருள் என்னவென்று சொல்லப் போவதில்லை என்றும் சொன்னார். அடுத்த கூட்டம் மார்ச் 19. அதற்கு முன் நான் வடிவத்தை வரைந்து, உறையில் போட்டு, ஒட்டிக் கொடுத்துவிட வேண்டும். கூட்டத்தில் பிரிப்பார்களாம். சரியாக இல்லையென்றால் ஒப்புதல் இல்லை என்று குழுத் தலைவர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

வேறொருவர், ஏன் பாதி வட்டம் என்று கேட்டார். துறைமுகத்தில் ஒரு பக்கம் சுவர் இருக்கும், அந்தப் பக்கம் கருவி வைக்க முடியாது என்றேன். அது பொய்யில்லை, முழு உண்மையும் இல்லை. ஏழு வருடமாக எல்லோரிடமும் அதைத்தான் சொல்கிறேன்.

உறை விஷயத்தில் எனக்குப் பயமே இல்லை. திரும்பும்போது உட்கார இடம் கிடைத்தது.

பிப்ரவரி 3, திங்கள்

ஒலித் தரவு வந்தது. மதிய இடைவேளையில் துறை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஓட்டினேன்.

பலாப்பழம். வெட்டாத பலாப்பழம், சுற்றிலும் முள். முப்பது படி ஓடி முடித்துவிட்டு, இதுதான் உன் பொருள் என்று பெருமையாகக் காட்டுகிறது.

தொட்டியில் ஏதோ கோளாறு.

பிப்ரவரி 5, புதன்

டாக்டர் இசக்கியம்மாளுக்கு மரியாதையாக ஒரு மின்னஞ்சல் எழுதினேன். தங்கள் கருவிகளில் ஒன்றிரண்டு பழுதாக இருக்கலாம், சரிபார்த்தால் நன்றாக இருக்கும் என்று. மாலையில் பதில் வந்தது. "கருவிகள் சரியாக உள்ளன." வணக்கம்கூட இல்லை.

ஜெயசீலன் இரண்டு கிலோ சாளை மீன் வாங்கி வந்து அவரே ஆய்ந்தார். முள்ளைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

இரண்டாம் ஆண்டு மாணவர்களின் உள்தேர்வுத் தாள்கள். காப்பியடிப்பவர்களைப் பிடிப்பதில் இந்தக் கல்லூரியில் என்னை மிஞ்ச ஆளில்லை. முதல்வரே மேடையில் சொல்லியிருக்கிறார். சரியான விடை இரண்டு தாளில் ஒன்றாக இருந்தால் அதில் ஆச்சரியமில்லை. தப்பான விடை இரண்டு தாளில் நாலு தசம இடம் வரை ஒன்றாக இருந்தால் மாட்டிக்கொண்டார்கள் என்று அர்த்தம். இன்று மாட்டியவர்கள் மெர்சியும் உமாமகேஸ்வரியும். ஏழாம் கேள்வி, இரண்டிலும் சரியான விடையான 2.7183க்குப் பக்கத்தில்கூட வராத 1.9046. விடைக்குறிப்புப் பாடப்புத்தகத்திலிருந்து எடுத்தது, அதில் சந்தேகமில்லை.

இருவருக்கும் பூஜ்யம். தேர்வுப் பிரிவுக்குக் கடிதமும் எழுதிவிட்டேன்.

பிப்ரவரி 12, புதன்

காலையில் இருவரையும் கூப்பிட்டேன். மெர்சி அழுதாள். அழாமல் நின்றவள் உமாமகேஸ்வரி. தேர்வன்று இவள் முதல் மாடியில், மெர்சி தரைத்தளத்தில் என்று இருக்கை எண்ணைச் சொன்னாள். அப்புறம் பையிலிருந்து நான் கொடுத்த குறிப்பை எடுத்து மேசையில் வைத்தாள்.

"மேம், நாங்க ரெண்டு பேரும் இதப் பாத்துத்தான் படிச்சோம். பதினாலாம் பக்கம்."

பதினாலாம் பக்கத்தில் சூத்திரத்தில் மூன்று இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு இருந்தது. நான் தட்டச்சு செய்தது. நானே.

மற்ற ஐம்பத்தெட்டுப் பேர் என் குறிப்பைப் படிக்கவே இல்லை என்பதும் இதனால் தெரிந்தது. படித்த இருவருக்குத்தான் நான் பூஜ்யம் போட்டிருக்கிறேன்.

அவர்கள் போன பிறகும் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டும் அப்படிப் பொருந்துகின்றன. ஒன்றை வைத்து இன்னொன்றைச் சரிபார்த்தால் எல்லாம் சரி என்றுதான் சொல்லத் தோன்றும்.

பிப்ரவரி 13, வியாழன்

விடுப்பு. சமையலறை அலமாரி முழுக்கக் கழுவினேன். கணினியைத் திறக்கவில்லை. தலைவலி.

பிப்ரவரி 14, வெள்ளி

தலைவலி. அவர் என்னவென்று கேட்டார், ஒன்றுமில்லை என்றேன். இடப்பக்கம் நின்று சொன்னதால் அவருக்கு அதுகூடக் கேட்கவில்லை.

பிப்ரவரி 15, சனி

எழுதியாக வேண்டும். உண்மைக்கென்று வைத்த டைரி.

0.3 எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். புதன்கிழமையே தெரியும்.

நிஜத் தொட்டி இல்லாததால் சோதனைக்கு வேண்டிய ஒலியை நானே கணினியில் உண்டாக்கினேன். பொருளின் விளிம்பில் அறுபத்து நாலு புள்ளி வைத்து, சமன்பாட்டைத் தீர்த்து, இதுதான் தொட்டியிலிருந்து வந்த ஒலி என்று வைத்துக்கொண்டேன். பிறகு அதே நிரலை, அதே அறுபத்து நாலு புள்ளியை வைத்து வடிவத்தைத் தேடினேன். கணினி எந்தச் சமன்பாட்டையும் துளிப் பிழையில்லாமல் தீர்ப்பதில்லை, எங்கோ கொஞ்சம் தவறும். கேள்வியிலும் அதே தவறு, விடையிலும் அதே தவறு. இரண்டும் கட்டிப்பிடித்துக்கொண்டன, நான் கைதட்டினேன். மேலுக்கு ஒரு சதவீதப் பிழையைத் தூவிவிட்டால் நிஜம் மாதிரி ஆகிவிடுமா?

எங்கள் துறையில் இதற்குக் குற்றம் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். போன வருடம் இளைய ஆய்வாளர்களுக்கு நான் நடத்திய பயிலரங்கில், இந்தக் குற்றத்தைச் செய்யாதீர்கள் என்று அரை மணி நேரம் பேசினேன். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். பேசிவிட்டு வந்து என் வேலையை நான் திருப்பிப் பார்க்கவில்லை. ஐந்து வருடத்துக்கு முன் அவசரத்தில் எழுதிய ஒரு கோப்பு, பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டது, அப்படியே ஊறிப்போய்விட்டது.

டாக்டர் இசக்கியம்மாள் ஒரே கேள்வியில் பிடித்துவிட்டார். என் தேற்றமும் அதைக் கண்டுபிடித்திருந்தது. அதை நான்தான் அடக்கிவைத்தேன். என் மேலேயே எனக்கு இவ்வளவு கோபம் வந்ததில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

தேர்வுப் பிரிவுக்குக் கொடுத்த கடிதத்தைத் திரும்ப வாங்கினேன். இரண்டாம் ஆண்டு வகுப்பில் பதினாலாம் பக்கத்தைத் திறக்கச் சொல்லி, தப்பு என்னுடையது, மெர்சியும் உமாமகேஸ்வரியும் காப்பியடிக்கவில்லை, நான் அவர்கள் மேல் பழி போட்டேன், மன்னிக்க வேண்டும் என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். பதினாறு வருடத்தில் இந்த வாயால் இதைச் சொன்னது முதல் தடவை. சொல்லி முடித்தபோது முதுகு நேராகத்தான் இருந்தது.

பிப்ரவரி 19, புதன்

சுயம்புலிங்கம் சாரிடம் சொன்னேன். நல்ல மனிதர். ஜூனில் ஓய்வு பெறுகிறார், அவருடைய கடைசி ஆய்வு மாணவி நான். காப்பி வரவழைத்துக் கொடுத்துவிட்டு மெதுவாகப் பேசினார். தேற்றம் சரியாகத்தான் இருக்கிறது, தேற்றத்துக்குத்தான் பட்டம். அட்டவணை ஒரு அலங்காரம். யார் நிரலைத் திறந்து பார்க்கப் போகிறார்கள் என்றார்.

"இத்தன நாள் கழிச்சு இப்ப எதுக்கும்மா கிளறணும்? அப்படியே இருக்கட்டும், விடுங்க."

விடலாம்தான். மெர்சி அழுத முகம் இல்லாவிட்டால் விட்டிருப்பேனோ என்னவோ. சும்மா எழுதுகிறேன். விட்டிருக்க மாட்டேன்.

அந்த ஏழு பக்கங்களையும் வெளியே எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். காப்பி ஆறிப்போயிருந்தது.

மார்ச் 3, திங்கள்

பன்னிரண்டு நாள். கல்லூரி, வீடு, நிரல், மறுபடி கல்லூரி. ஒலியை உண்டாக்குவதற்கென்று முற்றிலும் வேறு முறையில் ஒரு நிரல் எழுதினேன். பொருளைச் சுற்றியுள்ள தண்ணீரையே சின்னச் சின்ன முக்கோணங்களாக வெட்டித் தீர்ப்பது. பழைய நிரலுக்கும் இதற்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. இரண்டு பேர் இரண்டு மாடியில் உட்கார்ந்து எழுதுவது போல.

இன்று முடிவு வந்தது. கருவிகள் இருக்கும் பக்கம் பிழை மூன்று சதவீதம். கருவி இல்லாத பக்கம் ஒன்பது.

ஒன்பது. 0.3 போட்டிருந்த இடத்தில் ஒன்பது. அப்புறம் ஒலிப் பிழையை மாற்றி மாற்றி ஓட்டி, வரைபடத்தில் புள்ளி வைத்தேன். புள்ளிகள் என் தேற்றம் சொன்ன கோட்டின் மேலேயே போய் உட்கார்ந்தன. ஆமை வேகத்தில், ஒன்றன்பின் ஒன்றாக. ஐந்து வருடமாக என் அட்டவணை எதுவும் என் தேற்றத்தை இப்படி மதித்ததில்லை.

அழுகை வந்தது. துறை அறையில் யாருமில்லை, ஆகவே அழுதேன்.

மார்ச் 5, புதன்

சாம்பல் புதன். நெற்றியில் சாம்பலோடு வகுப்பெடுத்தேன். பலாப்பழம் இன்னும் பலாப்பழமாகவே இருக்கிறது. காரணம் தெரியும். எப்போது நிறுத்துவது என்று சொல்ல, ஒலியில் எவ்வளவு பிழை என்று நிரலுக்குத் தெரிய வேண்டும். நான் ஒரு சதவீதம் என்று கொடுத்திருக்கிறேன். ஏன் ஒன்று? என் பொய்த் தொட்டியில் ஒன்று என்பதால். நிஜத் தொட்டியில் எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்.

மார்ச் 7, வெள்ளி

காலையில் அவர் மாதா கெபி வாசலில் செட் கட்டிக்கொண்டிருந்தார். சாப்பாடு கொண்டுபோனேன். பேச்சு எதுவும் தொடங்குவதற்கு முன்னால், ஒரே வரியை மைக்கில் இரண்டு தடவை சொல்லிப் பதிவு செய்து கேட்டார், வலக்காதைப் பெட்டிப் பக்கம் திருப்பிக்கொண்டு. எதற்கு இரண்டு தடவை என்றேன். ஏழு வருடமாகப் பார்க்கிறேன், கேட்டதில்லை.

"ரெண்டு தடவையும் ஒண்ணா இருந்தா அது நான் பேசுனது. ஒண்ணுல இருந்து இன்னொண்ணுல இல்லைன்னா அது இரைச்சல். ஒத்தக் காத வச்சுக்கிட்டு வேற எப்படிக் கண்டுபிடிக்க?"

தூக்குச் சட்டியை அங்கேயே வைத்துவிட்டு டாக்டர் இசக்கியம்மாளுக்குப் போன் போட்டேன். முதலில் கருவியைக் குறை சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். பிறகு, அதே பொருளை அதே இடத்தில் வைத்து இன்னொரு தடவை அளந்து தர முடியுமா என்றேன். நான் தொலைந்தேன் என்று நினைத்தேன்.

"நாலு தடவ அளந்து வச்சிருக்கேன்" என்றார். "நீங்க கேக்கல, நான் அனுப்பல."

பத்து நிமிடத்தில் மற்ற மூன்றும் வந்துவிட்டன.

மார்ச் 11, செவ்வாய்

நான்கையும் ஒன்றோடொன்று கழித்துப் பார்த்ததில் பிழை ஆறு சதவீதம். அதைக் கொடுத்து ஓட்டினேன். நிரல் ஏழாவது படியில் நின்றது. முள் இல்லை, பலாப்பழம் இல்லை. ஏறக்குறைய ஒரு வட்டம், கேட்ட பக்கத்தில் ஒரு பள்ளம். பார்க்கச் சப்பென்று இருக்கிறது.

பன்னிரண்டாவது படி வரை விட்டால் பள்ளம் ஆழமாகி, இரண்டு ஓரமும் கூர்மையாகி, காற்றில் விடும் பட்டம் மாதிரி வருகிறது. எங்கள் துறையில் பாதிக் கட்டுரைகளில் சோதனைப் பொருள் பட்டம்தான். ஒரு பக்கம் குவிந்து, மறுபக்கம் குழிந்து, இரண்டு சிறகோடு. நானும் ஐந்து வருடம் பட்டத்தைத்தான் போட்டேன். டாக்டர் இசக்கியம்மாளும் பட்டத்தை வைத்திருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. உறையைப் பிரிக்கும்போது அச்சு அசலாகப் பட்டம் இருந்தால் எப்படி இருக்கும்? அந்த அறையில் ஒருவர் வாய் திறக்க முடியாது.

இரண்டையும் அச்செடுத்து வைத்துக்கொண்டேன்.

மார்ச் 12, புதன்

சாப்பாட்டு மேசையில் இரண்டு படம். அவரைக் கேட்டேன். பட்டம் அழகாக இருக்கிறது என்றார். நானும் அதைத்தான் நினைத்தேன். "உன் கணக்கு எங்க நிறுத்தச் சொல்லுது?" என்று கேட்டார். ஏழில் என்றேன். அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

இந்த மனிதரிடம் இதுதான் எனக்குப் பிடிக்காது. ஏதாவது சொன்னால் சண்டையாவது போடலாம்.

மார்ச் 13, வியாழன்

ஏழாம் படிதான். விளிம்பு இந்தக் கோட்டிலேயே இருக்கிறது என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆகவே கோட்டின் இருபுறமும் ஒரு பட்டை வரைந்தேன், உண்மையான விளிம்பு இதற்குள் இருக்கும் என்று. கேட்ட பக்கம் மூன்று மில்லிமீட்டர், கேட்காத பக்கம் எட்டு. பொருளே பதினெட்டு சென்டிமீட்டர்தான். எட்டு மில்லிமீட்டர் என்று எழுதும்போது பேனா தயங்கியது. எழுதினேன். கையெழுத்துப் போட்டு, உறையை ஒட்டி, பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன்.

இன்னொரு உறை கேட்டு வாங்கிப் பட்டத்தை அதில் போட்டு, தபால் நிலையத்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன். எதற்கு உறை? சும்மா போட மனம் வரவில்லை.

மார்ச் 19, புதன்

முழுவதும் எழுதுகிறேன்.

கூட்டம் பதினோரு மணிக்கு. அவர் வேனிலேயே கூட்டிக்கொண்டு போனார், பின்னால் பெட்டிகள் கடகடவென்று ஆட. பொது அமர்வு என்பதால் உள்ளே உட்காரலாம். இடது சுவரை ஒட்டிக் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார், வலக்காது என் பக்கம் இருக்கும்படி.

டாக்டர் இசக்கியம்மாள் மேசையில் என் உறை, பிரிக்காமல். தரையில் ஒரு சாக்கு. சாக்குக்குள் பொருள்.

தலைவர் உறையைக் கையில் எடுத்தார். நான் எழுந்து, அதைப் பிரிப்பதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும் என்றேன். சுயம்புலிங்கம் சார் கண்ணை மூடிக்கொண்டார். 112 முதல் 118 வரை உள்ள அட்டவணைகளைத் திரும்பப் பெறுகிறேன். ஒலியை உண்டாக்கியதும் வடிவத்தைத் தேடியதும் ஒரே நிரல். அந்த 0.3 என் முறையின் திறமை இல்லை, என் கவனக்குறைவு. புதிய அட்டவணையில் பிழை ஒன்பது சதவீதம் வரை போகிறது. உறைக்குள் இருப்பது சரியோ தப்போ, இதைப் பிறகு சொன்னால் சாக்குச் சொன்னது போல் ஆகிவிடும், அதனால் இப்போதே சொல்கிறேன். இவ்வளவும் மூச்சு விடாமல் சொன்னேன்.

ஏழு வருடத்தை நானே எடுத்து மேசையில் வைத்துவிட்டது போல் இருந்தது, எடுத்துக்கொள்கிறவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று.

உறையைப் பிரித்தார்கள். படத்தை அதே அளவில் கண்ணாடித் தாளில் எடுத்து வைத்தார்கள். டாக்டர் இசக்கியம்மாள் குனிந்து சாக்கை அவிழ்த்தார். உள்ளே சிமெண்டில் வார்த்த ஒரு உருளை. பட்டம் இல்லை. வட்டம், ஒரு பக்கம் சப்பிப் போய் ஒரு பள்ளம். அவர் வீட்டில் கீழே விழுந்து நெளிந்த அலுமினியப் பால் பாத்திரமாம். எறிய மனமில்லாமல் அதில் சிமெண்டை ஊற்றி வார்த்துவிட்டாராம். பட்டத்தைப் போட்டால் ஒலியைக் கேட்காமலேயே எல்லாரும் பட்டம் என்று சொல்லிவிடுகிறார்கள் என்றார்.

கண்ணாடித் தாளை உருளையின் முகத்தில் வைத்துத் திருப்பினார். பள்ளம் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. முன்பக்கம் கோடும் விளிம்பும் ஒன்றாகவே போயின. பின்பக்கம், என் கருவிகள் இல்லாத பக்கம், பாத்திரத்தின் கைப்பிடி இருந்த இடத்தில் ஒரு வீக்கம். நான் வரையாத வீக்கம், எனக்குத் தெரியவே தெரியாத வீக்கம். அது என் கோட்டைத் தாண்டி வெளியே வந்திருந்தது. பட்டைக்குள் இருக்கிறதா என்று பார்க்க அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு முகத்தைத் தாளோடு ஒட்டினார்.

"தொடுது" என்றார். பிறகு, "தாண்டல."

அதன் பிறகு பேசியதில் பாதி எனக்கு நினைவில்லை. பழைய அட்டவணைகளை நீக்கிப் புதியதைச் சேர்த்துச் சமர்ப்பிக்க ஒப்புதல் என்று தலைவர் எழுதியதைப் பார்த்தேன். அந்த அட்டவணைகள் இருந்திருந்தால் தான் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன் என்று டாக்டர் இசக்கியம்மாள் சாதாரணமாகச் சொன்னார், சாக்கைக் கட்டிக்கொண்டே. சுயம்புலிங்கம் சார் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கண் கலங்கியிருந்தது.

வேனில் ஏறியதும் இவர் கேட்டார். "அந்தப் பாதி வட்டம், அது துறைமுகச் சுவருக்குத்தானா?"

அதற்குத்தான் என்றேன், வலக்காதில், நன்றாகக் கேட்கும்படி. அவர் சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தார்.

மார்ச் 28, வெள்ளி

ஏடு தயார். நான்கு பிரதி, கறுப்பு அட்டை, தங்க எழுத்து. பல்கலைக்கழகத்துக்குப் போகும் வழியில் கடைசிப் பக்கம் ஒன்றைப் பிரதியெடுக்க ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றோம். அங்கே நாலைந்து பேர் வரிசையில். கடைக்காரர் என்ன புத்தகம் என்று கேட்டதுதான் தாமதம், இவர் தொடங்கிவிட்டார்.

"எங்க வீட்டம்மா எழுதுனது. தண்ணிக்குள்ள கெடக்கத, பாக்காமலேயே, சத்தத்த மட்டும் கேட்டு வரைஞ்சிருக்கா. அதுவும் பாதிப் பக்கத்துல இருந்து மட்டும் கேட்டு. எவ்வளவு வித்தியாசம்னு நெனைக்கிய? இந்தா, இம்புட்டுத்தான்."

கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒரு நூல் போகாத அளவுக்குச் சேர்த்துக் காட்டினார். வரிசையில் நின்ற எல்லோரும் அந்த விரலையே பார்த்தார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது, அதை மறுக்கவில்லை. ஜனவரியில் என்றால் அப்படியே விட்டிருப்பேன்.

நான் அவர் கையைப் பிடித்து, அந்த இரண்டு விரலையும் பிரித்து, எட்டு மில்லிமீட்டருக்கு விரித்து வைத்தேன்.